மூன்று வாரம், நாற்பது வீடு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறும் காலமும் ஐரோப்பா, கனடாப் பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறையும் ஒன்றாக வந்துவிடுவதால், யாழ்ப்பாணம் போகிற நம்மில் பலர் அந்த 25 நாள் திருவிழாவை ஒட்டியே டிக்கெட் எடுக்கிறோம். கையில் மூன்று வாரம், கொப்பியில் நாற்பது வீடு. இடையில் ஒரு காணி அலுவல், ஒரு கலியாணம், யாரோ ஒருவரின் ஆட்டத்திவசம். திரும்பி வருகிறவர்களின் முகத்தில் விடுமுறைக்குப் போய்வந்த களை இருப்பதில்லை. நான்கு முறை போய், அதில் இரண்டு முறை பாதி நாளைப் பாயிலேயே கழித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதல் பிழையைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே செய்துவிடுகிறோம். ரொறன்ரோவிலிருந்து வருகிறவருக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஏறக்குறைய ஒரு நாள் பயணத்துக்குப் பிறகு நள்ளிரவில் இறங்கி, அப்படியே வான் வண்டியில் ஏறி இன்னும் 400 கிலோமீட்டர் அளவு போகிறோம். பின் இருக்கையில் நாம் தூங்கிவிடலாம். நம்மை ஏற்ற வந்த சாரதியோ அன்று பகல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அதே தூரம் ஓட்டி வந்திருப்பார். அவர் எப்போது தூங்கினார் என்று நாம் கேட்பதில்லை. ஓர் இரவு நீர்கொழும்பில் தங்கி, விடிந்த பிறகு புறப்படுங்கள். அல்லது கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் போங்கள். அம்மா வாசலில் காத்துக்கொண்டிருப்பாரே என்பீர்கள். பத்து வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் பத்து மணி நேரம் பெரிதல்ல.

அடுத்தது, ‘நம் ஊர்தானே’ என்ற நம்பிக்கை. கடற்கரையில் படுக்கப் போகிற வெள்ளைக்காரர் தடுப்பூசி போட்டுக்கொண்டு போகிறார்; மாமி வீட்டுக்குப் போகிற நாம் போடுவதில்லை. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு முப்பது வருடக் குளிர்நாட்டு வாழ்க்கையில் அதை மறந்துவிட்டது; அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அது தெரியவே தெரியாது. புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னதாகக் குடும்ப மருத்துவரிடம் போய் நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்), ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். மலேரியா பற்றிப் பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். இலங்கையில் அது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது. பயப்பட வேண்டியது டெங்குவுக்குத்தான். அந்த நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் பின்னேரத்திலும். ஆகவே இரவு வலையை மட்டும் நம்பிப் பயனில்லை. காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிட்டமோல்) தவிர அஸ்பிரின், ஐபுபுரோஃபென் எதையும் போடாதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து கூடுகிறது. அப்போது வயிற்று வலி, தொடர் வாந்தி, பல் முரசில் இரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. அம்புலன்ஸுக்கு 1990, கட்டணம் இல்லை.

வழக்கமாகப் போடுகிற மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து, மருத்துவர் எழுதிய துண்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், அங்கே உறைந்துபோகக்கூடும்.

இனி அந்த நாற்பது வீடு. எந்த வீட்டிலும் வெறும் தேத்தண்ணீரோடு விடமாட்டார்கள். றோல்ஸ் வரும், வடை வரும், பனம்பழக் காலம் என்றால் பனங்காய்ப் பணியாரம் வரும். ஐந்தாவது வீட்டில் ‘அங்கே சாப்பிட்டாய், இங்கே சாப்பிடமாட்டாயா?’ என்று சின்னம்மா கேட்பார். சீனி வருத்தக்காரருக்கு அந்த ஒரு பின்னேரமே போதும். வாசலில் நின்று மறுப்பது மரியாதைக்குறைவு; முதல் நாளே தொலைபேசியில் சொல்வது மரியாதை. “சின்னம்மா, பின்னேரம் பார்க்க வருகிறோம், சீனியில்லாத தேத்தண்ணீர் மட்டும் போடுங்கள்” என்றால் யாரும் கோபித்ததில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. நடக்க முடியாத முதியவர்களை மட்டும் வீடு தேடிப் போய்ப் பாருங்கள். மற்ற எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். இருபது வீடு ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும். மச்சான்மார் தங்களுக்குள் சந்தித்தே வருடக்கணக்காகியிருக்கும். நம்மை மறந்துவிட்டு அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் தூங்கப் போகலாம்.

தேர் 24ஆம் நாள். கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டை போட முடியாது, வீதியிலும் செருப்பில்லை. குளிர்நாட்டில் வெளுத்த முதுகுக்கும் மென்மையான பாதத்துக்கும் அந்த வெயிலும் மணலும் பழக்கமில்லாதவை. சோளகக் காற்று வீசுவதால் வியர்ப்பது தெரியாது. மயங்கி விழும்போதுதான் தெரியும். விடியவே போய், வெயில் ஏறுமுன் திரும்புங்கள். அதற்கு முந்தின நாள் எந்த ஊருக்கும் ஓடாதீர்கள். இளநீர் கண்ணெதிரே வெட்டித் தருவது, நல்லது. ஐஸ் போட்ட சர்பத்தை நான் தொடமாட்டேன். வயிற்றோட்டம் வந்தால் மருந்துக்கடையில் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூள் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

உடம்பை விட்டு மனத்துக்கு வருகிறேன். கொடுக்கிற காசுதான் இப்பயணத்தில் கூடுதலாகத் தூக்கம் கெடுப்பது. மொத்தமாக எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்பதைக் கணவனும் மனைவியும் புறப்படுமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஊரில் போய் இரவு பன்னிரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் சண்டை பிடிப்பது மிகக் கடினம்.

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த காணி இராணுவத்திடமிருந்து விடுபட்டிருந்தால், அதைப் பார்க்கப் போகும் நாளில் வேறெதையும் வைக்காதீர்கள். நான் காலையில் அங்கே போய்விட்டு, மத்தியானம் ஒரு கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு நின்றேன். கிணற்றுக்கட்டு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. படத்தில் என் முகத்தைப் பார்த்தவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். பிள்ளைகளையும் அங்கே இழுத்துப் போகத் தேவையில்லை. அவர்களாக வர விரும்பினால் கூட்டிப் போங்கள்.

கடைசி இரண்டு நாளைப் பயணம் சொல்வதற்கென்று காலியாக விடுங்கள். விடுபட்ட வீட்டுக்காரர்கள் எப்படியும் அப்போதுதான் வருவார்கள். மிளகாய்த்தூளும் ஒடியலும் அந்த நேரத்தில்தான் பெட்டிக்குள் ஏறும். வீடு திரும்பிய பின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் சொல்லும் முதல் வசனத்திலேயே இலங்கைக்குப் போய்வந்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.