எண்ணக் குறிப்பேடு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த மனநல மருத்துவர் ஆரன் பெக், ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில், சொல்லாத இன்னொரு பேச்சும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தானாக எழும் எண்ணங்கள் என்றார். அதைப் பிடித்து எழுதிப் பார்ப்பதற்கான கருவிதான் எண்ணக் குறிப்பேடு. என்ன நடந்தது, என்ன தோன்றியது, என்ன உணர்வு, அதன் தீவிரம் நூற்றுக்கு எவ்வளவு, ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று சில கட்டங்கள்தான்.

எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் சில வாரம் நான் எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் பயன்படவில்லை.

முதல் குழப்பம், உணர்வையும் எண்ணத்தையும் ஒன்றாக எழுதுவது. நாம் "மனசு சரியில்லை" என்ற இரண்டு சொல்லிலேயே எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பயம், வருத்தம், கோபம் எல்லாம் உணர்வு. ஒரு சொல்லில் முடிந்துவிடும். எண்ணம் ஒரு முழு வாக்கியம். ஒருநாள் மாலை நான்கு மணிக்கு மேலாளரிடமிருந்து "கிளம்பும் முன் பார்த்துவிட்டுப் போங்க" என்று செய்தி வந்தது. வயிற்றைப் பிசைந்தது. நான் எழுதியது: "ஏன் எனக்கு மட்டும் இப்படி?"

இது அடுத்த தவறு. கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. அதற்கு நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்ட பதிலை எழுத வேண்டும். "என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள்" என்பதுதான் அது. பயம், 85.

சரி, இனிமேல்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிற இடம். "எல்லாம் நல்லதே நடக்கும்" என்று எழுதி நோட்டை மூடிவிடுகிறோம். பெக்கின் முறை இதைக் கேட்கவில்லை. துப்பறிபவரைப் போல இரண்டு பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. நான் பார்த்தேன். போன வாரம் கொடுத்த அறிக்கையில் ஒரு தவறு இருந்தது உண்மை. அதே மாதம் புதிய வேலை ஒன்றை என்னை நம்பி ஒப்படைத்ததும் உண்மை. "அறிக்கையைப் பற்றிக் கேட்கலாம், திட்டும் விழலாம், அதனால் வேலை போய்விடாது" என்று எழுதினேன். பயம் 50-க்கு வந்தது. உள்ளே போனபோது திட்டு விழத்தான் செய்தது. நல்லதே நடக்கும் என்று நம்பிப் போயிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன்.

அப்புறம், 50 என்பது தோல்வி இல்லை. பூஜ்யமாகும்வரை எழுதிக்கொண்டே இருப்பவர்கள் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள்.

இரவில் மொத்தமாக எழுதுவதும் வேண்டாம். அதற்குள் அந்த நேரத்தில் தோன்றிய வாக்கியம் மறந்து, நடந்தது மட்டுமே நினைவில் மிஞ்சியிருக்கும். பேருந்தில் இருந்தாலும் செல்பேசியில் ஒரு வரி தட்டி வையுங்கள்.

"இப்படி நினைக்க வெட்கமாக இல்லையா?" என்று எதிர் ஆதாரக் கட்டத்தில் தன்னையே திட்டுபவர்களும் உண்டு. அது ஆதாரமல்ல, இன்னொரு தானாக எழும் எண்ணம். அதற்கும் தனியாக ஒரு வரி போட்டு, அதையும் சோதித்துப் பாருங்கள்.

எழுத எழுதப் பாரம் கூடினாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் பக்கத்தில் வந்து விழுந்தாலோ நோட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.