சேலைப் பெயர் நீண்டதால் உடைந்த கட்டம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருடைய வெப்சைட்டை போனில் திறந்தால் பக்கவாட்டில் ஓடியது. காரணம் சேலைப் பெயர்கள்தான். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில், அகலத்துக்கு வெறும் 1எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்று கொடுத்தால், கட்டம் உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லைவிடச் சுருங்காது, "மயில்கழுத்துப்பச்சை" மாதிரி சேர்த்தெழுதிய சொல் வந்தால் அதுவே கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். கட்டம் எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கலாம் என்று சொல்லும் மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) ஆக மாற்றி, இடம் போதாத சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கும்படி ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு எனிவேர் போட்டதும் அடங்கியது. வரியின் உயரத்தை, அதாவது லைன்-ஹைட்டை 1.2-லிருந்து 1.7 ஆக்கினேன், கீ, கூ எல்லாம் அடுத்த வரியோடு முட்டுவது நின்றது.

அப்புறம் மார்க்கப், அதாவது பக்கத்தின் ஹெச்டிஎம்எல். எங்கு பார்த்தாலும் டிவ் (தனி அர்த்தம் இல்லாத வெறும் பெட்டி), "வாங்க" பட்டன்கூட டிவ்தான்! அதை நிஜ பட்டனாக மாற்றினால் டேப் அடித்தே அங்கே போகலாம், என்டர் தட்டினால் வேலை செய்யும், அதற்கென்று தனி ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம். மற்ற டிவ்களுக்கும் அர்த்தமுள்ள டேக்குகள்: மெனுவுக்கு நேவ், நடுப்பகுதிக்கு மெயின், ஒவ்வொரு சேலைக்கும் ஆர்ட்டிகிள். மேலே ஹெச்டிஎம்எல் டேக்கில் மொழி தமிழ் என்று சொல்லிவிடுங்கள், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் சரியான குரலை எடுக்க அது வேண்டும்.

அலங்காரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் செய்தேன்: அந்தந்தச் சேலையின் நிறத்தை கஸ்டம் ப்ராப்பர்ட்டியில் (நாமே பெயர் வைக்கும் சிஎஸ்எஸ் மாறி) வைத்து, அந்தச் சேலையைக் காட்டும் அட்டைக்கு அதே நிறத்தில் தடித்த கரை. அண்ணனுக்குப் பிடித்தது அதுதான், மற்றதெல்லாம் அவர் கண்ணிலேயே படவில்லை.