பாமினியில் கிடந்த கல்வெட்டை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மகள் வட்ஸ்அப்பில் கேட்டாள்: "அண்ணா, அப்பம்மான்ரை கல்வெட்டு உங்களிட்டை இருக்கோ? பிள்ளையளுக்குக் காட்டோணும்." அச்சிட்ட பிரதி வீட்டில் இரண்டுதான் மிச்சம். அதிலும் ஒன்றைக் கரையான் அரித்துவிட்டது. நல்லகாலம், அச்சகத்தில் ரைப் செய்த வேர்ட் ஃபைல் ஒரு பழைய சீடியில் இருந்தது. அதை அப்படியே அனுப்பினேன். அவளுடைய போனில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: இங்கே கல்வெட்டு என்பது 31ஆம் நாள் அந்தியேட்டியின்போது கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி எல்லாம் இருக்கும். பல குடும்பங்களின் வரலாறு எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான். அதனால்தான் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். எனக்கு நான்கு இரவு பிடித்தது. இதை வாசித்துவிட்டுத் தொடங்கினால் உங்களுக்கு ஒரு மாலை போதும்.

படி 1: அது பாமினிதானா என்று பாருங்கள்

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்ற சொல் ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத போனில் தெரியாது. கூகிளுக்கும் அது தமிழ் அல்ல; பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அல்ல. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. ஆனாலும் நம் ஊர் அச்சகங்களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினியும் அதன் பிறகும் நெடுங்காலம் ஓடின.

எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது டிஸ்கி போன்ற வேறு முறை. யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருளான மாற்றியிலும் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: வேர்டிலிருந்து வெளியே எடுங்கள்

முழுவதையும் நகலெடுத்து, வெறும் உரையைத் திருத்தும் மென்பொருளான நோட்பேட்++இல் ஒட்டி, யூனிகோடைச் சேமிக்கும் வடிவமான யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். வேர்டுக்குள் இருக்கும்போது ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வழக்கம் வேர்டுக்கு உண்டு. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. எங்கள் கல்வெட்டில் இரண்டு இடத்தில் அப்பம்மா 'ஆப்பம்மா' ஆகியிருந்தார். 'அவர்' என்று தொடங்கிய வசனம் 'ஆவர்' என்று நின்றது. அச்சிட்ட புத்தகத்திலும் அதே பிழை. இத்தனை வருடம் அது அச்சகத்தில் விட்ட எழுத்துப் பிழை என்றே நினைத்திருந்தோம்.

ஆங்கிலப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள் இருந்தால் தனியே வெட்டி வையுங்கள். அவையும் சேர்ந்து மாறினால் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

படி 3: முதலில் மாற்றுங்கள், பிறகுதான் வலைப்பக்கம்

நான் இடறி விழுந்தது இங்கேதான். இரண்டு இரவு இதிலேயே போனது.

பாமினி எழுத்தை அப்படியே எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் மொழி) பக்கத்தில் ஒட்டி, பக்கம் திறக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் மாற்றலாம் என்று நினைத்தேன். வேலையும் செய்தது. ஆனால் வாசித்துக்கொண்டு போகும்போது சில வசனங்கள் பாதியில் அறுந்து நின்றன. அப்பம்மா பிறந்தது காரைநகர். ஈழத்துச் சிதம்பரம் என்று சொல்லும் சிவன் கோயிலுக்கு மார்கழியில் விடிய எழும்பி நடந்து போவார் என்று பெரியப்பா எழுதியிருந்தார். அந்தக் கோயிலின் பெயரையே காணவில்லை! 'ஈன்ற பிள்ளைகள்' என்று தொடங்கும் இடத்தில் பிள்ளைகளின் பெயர்வரிசையில் முதற்பெயர் இல்லை. 'ஈமக்கிரியை' இல்லை. என்னுடைய நிரலில்தான் பிழை என்று வரிவரியாகத் தேடினேன்.

பிழை நிரலில் இல்லை. பாமினியில் 'ஈ' எழுத்து இருப்பது கணக்கில் 'சிறியது' என்பதற்குப் போடும் கோணக் குறியில். காற்புள்ளி இருப்பது 'பெரியது' என்னும் கோணக் குறியில். எச்டிஎம்எல்லில் ஒரு கட்டளை தொடங்குவதும் முடிவதும் இதே இரண்டு குறிகளால்தான். ஆகவே உலாவி 'ஈ'யைக் கண்டவுடன் கட்டளை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த காற்புள்ளி வரை உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. ஈழம், ஈசன், ஈன்ற, ஈமக்கிரியை என்று ஒரு கல்வெட்டில் எத்தனை 'ஈ' வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வரிசை முக்கியம். வெறும் உரையாக இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி முடித்துவிடுங்கள். பாமினி எழுத்தை வலைப்பக்கத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம். மாற்றிகள் இணையத்தில் பல உண்டு. சுரதாவின் பொங்குதமிழ் நம்மவர்களுக்குப் பழைய பழக்கம்.

சொந்தமாக ஒரு மாற்றி நிரல் எழுத விரும்புபவர்களுக்கு ஒன்று: நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள். பாமினியில் 'கொ' என்பது கொம்பு (ெ), க, அரவு (ா) என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள். யூனிகோடில் 'க' முன்னால், உயிர்க்குறி பின்னால். 'க'வைத் தனியே முதலில் மாற்றிவிட்டால் கொம்பு அநாதையாக நிற்கும்.

படி 4: ௌகாரத்தைச் சரிபாருங்கள்

பாமினியில் ௌகாரத்தின் வலப்பக்கத்துக்குத் தனி எழுத்து இல்லை. 'ள'வைத்தான் போடுவார்கள். அதனால் கொம்பும் 'ள'வும் சேர்ந்து வந்தால் அது 'வெள்ளி'யின் தொடக்கமா, 'வௌவால்' என்பதன் தொடக்கமா என்று மாற்றிக்குத் தெரியாது. சில மாற்றிகள் எல்லாவற்றையும் ௌ ஆக்கிவிடும்: வௌ்ளிக்கிழமை, வௌியீடு, தௌிவு. நம் நாட்டு இணையத்தளங்களில் இந்த 'வௌியீடு' எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று பார்த்தால் மனம் நோகிறது. வேறு சில மாற்றிகள் எதையும் தொடாது: மெளனம், கெளரி, ஒளவையார் என்று விட்டுவிடும். தேடுபவர் 'ஔவையார்' என்று சரியாக அடித்தால் அது அகப்படாது.

விதி எளியது. அந்த 'ள' வடிவக் குறிக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ (ி) அரவோ வந்தால் அது 'ள'தான், ஏனென்றால் ௌகாரத்தின் மேல் இன்னொரு குறி ஏறாது. எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் ௌகாரம். நோட்பேட்++இல் தேடி மாற்றும்போது நான் செய்தவை:

வௌ் என்பதை வெள்
வௌி என்பதை வெளி
தௌ் என்பதை தெள்
தௌி என்பதை தெளி
ஔி என்பதை ஒளி

பிறகு மறுபக்கம்: மெளன என்பதை மௌன, கெளர என்பதை கௌர, பெளர்ணமி என்பதை பௌர்ணமி, ஒளவை என்பதை ஔவை. 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை இதில் நான் நம்புவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்துங்கள். ஒரு கல்வெட்டில் நாற்பது ஐம்பது இடம்தான் வரும்.

இதெல்லாம் முடிந்ததும் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மா வாசித்தார், நான் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு பார்த்தேன். என் கண் தாண்டிப் போன மூன்று பிழைகளை அவர் பிடித்தார். ஒன்று அவருடைய சொந்த மாமியின் பெயர்.

படி 5: பக்கம்

யூடிஎஃப்-8 என்று குறியுங்கள், பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறியுங்கள். எழுத்துரு: நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ்தான் என் தெரிவு. வரி இடைவெளி 1.7 வையுங்கள், தமிழில் மேலும் கீழும் குறிகள் ஏறி இறங்குவதால் அதற்குக் குறைந்தால் நெருக்கமாக இருக்கும். இரு பக்கமும் சமன்செய்ய வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரையில் இடையிடையே பள்ளம் விழும்.

ஏற்றுவதற்கு முன் முகவரிகள், தொலைபேசி இலக்கங்கள், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதிகளை எடுத்துவிடுங்கள். கல்வெட்டு அச்சிட்டபோது அது ஊருக்குள் நூறு வீட்டுக்குப் போனது. இணையம் அப்படி அல்ல.

அச்சுப் பிரதியையும் ஸ்கேன் செய்து நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் அவர்களிடம் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

பிறகு சேர்த்தது

மட்டக்களப்பிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். அவர் வம்சாவளியைப் பாமினியில், பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி வைத்து எழுதியிருக்கிறார். எக்செலில் காற்புள்ளியில் பிரிக்கச் சொன்னால் பெயர்கள் பிரியவில்லை. இராசம்மாவும் இரத்தினமும் மட்டும் முதலெழுத்தை இழந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். காரணம், பாமினியில் 'இ' இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியில். மேலே சொன்னதுதான்: முதலில் மாற்றுங்கள், பிறகு பிரியுங்கள்.

ரைப் செய்யும் அண்ணா ஒருவர், யூனிகோடுக்கு வந்தால் விரல் பழக்கம் போய்விடும் என்று கவலைப்பட்டார். போகாது. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவுசெய்தால் அதே விரல், அதே வேகம், வெளியே வருவது யூனிகோடு. அச்சகம் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது இன்றைக்கே செய்யுங்கள்.

பிடிஎஃப் மட்டும் கையில் உள்ளவர்கள்: அதில் எழுத்தைத் தெரிவுசெய்து நகலெடுக்க முடிந்தால் படி 2இலிருந்து தொடரலாம். முடியாவிட்டால் எழுத்துகள் படமாக அல்லது கோட்டுருவமாக மாற்றப்பட்டிருக்கும். அப்போது கூகிள் டிரைவில் ஏற்றி, கூகிள் டாக்ஸில் திறந்து எழுத்துணரச் செய்யுங்கள். தமிழ் நன்றாகவே வருகிறது, ஆனால் அச்சு மங்கலாக இருந்தால் 'ர'வையும் அரவையும் குழப்பும், ஆகவே அங்கேயும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு வாசிக்க ஒரு ஆள் வேண்டும்.