கதவுச் சத்தமும் என் வயிறும்

யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் என் வயிறு இறுகிவிடும். 38 வயதிலும் அப்படித்தான். அதோடு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு, காலையில் தாடை வலி. எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் கோளாறில்லை. "டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு மருத்துவர் மட்டும், "சின்ன வயதில் வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் கை வியர்த்துவிட்டது. அப்பா குடித்துவிட்டு வரும்போது, சாவி பூட்டில் தடுமாறுகிற சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடுவேன். அந்தக் காது இன்னும் காவல் காத்துக்கொண்டிருந்தது.

ஃபெலிட்டி, அண்டா என்ற இரண்டு மருத்துவர்களின் ஆய்வைப் பற்றியும், அப்படிக் கேட்ட அந்த மருத்துவர்தான் சொன்னார். 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள். சிறுவயதுக் கொடுமைகள் கூடக்கூட இதய நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் எல்லாம் கூடியிருந்தன. தலைவிதி இல்லை, வாய்ப்பு அதிகம், அவ்வளவே.

அப்புறம் எட்டு மாதம், வாரம் ஒருமுறை மன அதிர்ச்சிக்கான பேச்சு சிகிச்சை. முதல் மாதம் தூக்கம் இன்னும் கெட்டது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அங்கே பழகியவை இவைதான்: மூச்சை நீட்டி மெதுவாக வெளியே விடுவது, சத்தம் கேட்டதும் "இது என் வீடு, சாவி என்னிடம்" என்று வாய்விட்டுச் சொல்வது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், எனக்கு வேலை செய்தது.

இப்போதும் கதவு அறைந்தால் திரும்பிப் பார்க்கிறேன். வயிறு மட்டும் சும்மா இருக்கிறது.