பாடசாலை றக்பியில் கோல் யார் கொடுப்பது: பயிற்றுநரா, பத்தாம் இலக்கமா?

கொழும்பில் பாடசாலை றக்பி பருவம் நெருங்கும்போது பயிற்றுநர் குழு முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. தாக்குதல் மூவ்களை, அதாவது முன்கூட்டியே பழகிய ஆட்டத் திட்டங்களை, தலைமைப் பயிற்றுநர் சொல்லச் சொல்ல ஆடுவதா, மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளே தீர்மானிப்பதா? மூவ்களின் பட்டியலை எழுதுவது பயிற்றுநரின் வேலை, ஆட்டத்தில் கோல் கொடுப்பது, அதாவது எந்த மூவ் என்று அறிவிப்பது, தாக்குதலை நடத்தும் பத்தாம் இலக்க வீரரின் வேலை என்பதே எங்கள் பதில். கரையிலிருந்து கத்துகிற கோல் எப்போதும் பிந்தித்தான் போய்ச் சேரும்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலைப் பார்த்துவிட்டு அதே முறையைக் கேட்பவர்கள் உண்டு. அங்கே ஆட்டம் ஒவ்வொரு முறையும் நின்றுதான் தொடங்கும். நடுவில் 40 செக்கன் கடிகாரம் ஓடும். 2024 பருவத்திலிருந்து உயர்மட்டப் பிரிவில் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் ரேடியோ வழியாகப் பயிற்றுநர் பேசலாம். கடிகாரத்தில் 15 செக்கன் மிஞ்சும்போது இணைப்பு நின்றுவிடும். இவ்வளவு வசதி இருந்தும் அங்கே இரண்டு கட்சி. டெக்சாஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர் ஸ்டீவ் சார்கீசியன் தானே கோல் கொடுப்பவர். ஒஹாயோ ஸ்டேட் அணியின் தலைமைப் பயிற்றுநர் ரயன் டே பல வருடம் தானே செய்த வேலையை 2024இல் தாக்குதல் பயிற்றுநர் சிப் கெலியிடம் ஒப்படைத்தார். அந்தப் பருவ அரையிறுதியில் அவரது அணி டெக்சாஸை 28-14 என வென்று, 2025 ஜனவரியில் தேசியக் கிண்ணத்தையும் எடுத்தது. ஒரு பருவத்தை வைத்து யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. றக்பியிலோ அந்த 40 செக்கனும் இல்லை, வீரரின் காதில் ரேடியோவும் இல்லை.

முதலில், கோல் கொடுக்கக்கூடிய தருணங்கள் எவை என்று பாருங்கள். ஸ்க்ரம் (இரு அணியின் எட்டு எட்டு வீரர்கள் பிணைந்து தள்ளுவது), லைன்அவுட் (டச், அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே, போன பந்தை எறிந்து தொடங்குவது), கிக்-ஓஃப், பெனால்டி, பெரும்பாலும் அவ்வளவுதான். ஸ்க்ரமுக்கும் லைன்அவுட்டுக்கும் இன்றைய விதிப்படி 30 செக்கனுக்குள் தயாராக வேண்டும். பந்து வெளியே வந்து இரண்டு மூன்று றக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நடக்கும் தள்ளல்) தாண்டிவிட்டால் எந்தத் திட்டமும் அப்படியே நிற்காது. எதிரே எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆட வேண்டும்.

இந்தத் தருணங்களை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். லைன்அவுட் கோல் ஒரு லொக் வீரருக்கு (லைன்அவுட்டில் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் உயரமானவர்). பின்வரிசை மூவ் பத்தாம் இலக்கத்துக்கு. பெனால்டி கிடைத்தால் கம்பத்துக்கு உதைப்பதா, டச்சுக்கு உதைப்பதா, ஸ்க்ரமா என்பதை மத்தியஸ்தரிடம் சொல்பவர் அணித்தலைவர். அணித்தலைவர் முன்வரிசையில் ப்ரொப் ஆக இருந்தால் பத்தாம் இலக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லப் பழக்குங்கள். உதைக்கப் போகிறவரைக் கேட்காமல் கம்பத்தைக் காட்டிவிடுகிற அணித்தலைவர்கள் அதிகம்.

பட்டியலைச் சுருக்கமாக வையுங்கள். ஐந்து லைன்அவுட் கோல், இடப்பக்க ஸ்க்ரமுக்கு மூன்று மூவ், வலப்பக்கத்துக்கு மூன்று, நடுவுக்கு இரண்டு, சொந்த 22 மீற்றர் கோட்டுக்குள்ளிருந்து வெளியேற இரண்டு வழி, கிக்-ஓஃப் இரண்டு. டியூஷனுக்கும் பரீட்சைக்கும் நடுவே பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு இதற்கு மேல் தலையில் நிற்காது. இருபத்தைந்து மூவ் வைத்திருக்கும் அணியில் கோல் சரியாக வரும், விங் வீரர் மட்டும் வேறொரு மூவுக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

ஒரு மூவை விரித்துப் பார்ப்போம். 9, 10, 12 போன்றவை வீரர்களின் சீருடை இலக்கங்கள்: 9 ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர், 12உம் 13உம் பின்வரிசையின் நடுவில் ஆடுபவர்கள், 15 கடைசிக் காவல். எதிரணியின் 22க்குச் சற்று வெளியே, இடப்பக்க 15 மீற்றர் கோட்டில் நமக்கு ஸ்க்ரம். எதிரணிப் பின்வரிசை ஸ்க்ரமின் கடைசிக் காலிலிருந்து 5 மீற்றர் பின்னே நிற்க வேண்டும். நமது 10 ஏறக்குறைய 8 மீற்றர் ஆழத்தில் நிற்கிறார். 12 அவருக்கு வெளியே நின்று, எதிரணி 10க்கும் 12க்கும் நடுவிலுள்ள இடைவெளியை நோக்கி முழு வேகத்தில், கைகளைப் பந்துக்கு நீட்டியபடி ஓடுகிறார். இடப்பக்க விங்கான 11, பத்தாம் இலக்கத்தின் முதுகுப் பக்கமாக வந்து, 12க்குப் பின்னால் போகும் பாஸை எடுக்கிறார்.

பிழைக்கும் இடங்கள் இரண்டு. 11 அவசரப்பட்டு முன்கூட்டியே ஓடத் தொடங்கினால் பத்தாம் இலக்கத்தைத் தாண்டிவிடுவார், பாஸ் முன்னோக்கிப் போகும். ஒன்பதின் கையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகுதான் முதல் அடி. அடுத்தது 12. பந்து தனக்குப் பின்னால் போனதும் தயங்கி நின்றாலோ தற்காப்பு வீரர் மேல் மோதினாலோ, வழி மறித்த குற்றம், பெனால்டி எதிரணிக்கு. இடைவெளி வழியாக ஓடி வெளியேறிவிட வேண்டும். இதே மூவில் எதிரணி 12 நமது 12ஐ விட்டுவிட்டு வெளியே நகர்ந்தால், பின்னால் பாஸ் போடாமல் கிட்ட ஓடிவரும் 12க்கே பந்தைக் கொடுக்க வேண்டும். ஒரே கோல், இரண்டு முடிவு. எதிரணி 12இன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பத்தாம் இலக்கத்துக்குத் தெரியும்; ரீட் அவென்யூ மைதானத்திலோ ஹெவ்லொக் பார்க்கிலோ டச் லைனில் நிற்பவருக்குத் தெரியாது. கோல் உள்ளே இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

தொலைக்காட்சியில் பார்த்த 5 மீற்றர் ஸ்க்ரம் தள்ளலைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். 19 வயதுக்குட்பட்டோருக்கான உலக விதியில் ஸ்க்ரமை 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது. லைன்அவுட்டில் பந்தைப் பிடித்தவரைச் சுற்றிப் பிணைந்து தள்ளும் மோலுக்கு அந்த எல்லை கிடையாது. ஆகவே கோட்டுக்குக் கிட்டே பெனால்டி கிடைத்தால் டச்சுக்கு உதைத்து மோல் போடுவது பாடசாலை மட்டத்தில் மதிப்பான கோல். தென்மேற்குப் பருவமழையில் பந்து வழுக்கும் நாட்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டாம். அதே மூவ்களில் ஒரு பாஸைக் குறையுங்கள், முதுகுக்குப் பின்னால் போகும் பாஸை நிறுத்துங்கள். சொந்தப் பாதியிலிருந்து உதைத்து, பந்து உள்ளே குத்தி எதிரணியின் 22க்குள் டச் போனால் லைன்அவுட் நமக்கு. அந்த உதைக்கு எதிரணி விங் முன்னே ஏறி நிற்கிறாரா என்று பதினைந்தாம் இலக்கம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

றோயல்-ட்ரினிட்டி பிறட்பி கேடயப் போட்டி போன்ற நாளில் பப்பரே பாண்ட் வாத்தியக் குழு தொடங்கினால் பத்து மீற்றருக்கு அப்பால் குரல் கேட்காது. ஒவ்வொரு மூவுக்கும் கைச் சைகை ஒன்று கட்டாயம். பத்தாம் இலக்கம் கையை முதுகுக்குப் பின்னால் காட்டினால் 13, 15 இருவரும் பார்க்கலாம். மறுபக்க விங்குக்குத் தெரியாது, அவருக்கு 9 சொல்லட்டும். கோலைக் கண்டவர் தொடையைத் தட்டிப் பதில் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால் அந்த மூவ் இல்லை, 12க்கு நேர் பந்து.

லைன்அவுட்டுக்கு மூன்று இலக்கக் குறியீடு போதும். நடு இலக்கம் 1 முதல் 3 என்றால் முன்னால், 4 முதல் 6 என்றால் நடுவில், 7 முதல் 9 என்றால் கடைசியில். தமிழில் சொன்னால் சில அணிகளுக்குப் புரியாது என்பது உண்மைதான், ஆனால் தமிழ் பேசும் பிள்ளைகள் ஆடும் மருதானை ஸாஹிராவுக்கு எதிராக அது செல்லாது. இரண்டு பந்து திருட்டுப் போனவுடன் குறியீட்டை மாற்ற ஓடாதீர்கள். தூக்குபவர் முன்கூட்டியே பாயப்போகிறவரின் காற்சட்டையைப் பிடித்திருப்பார், அல்லது பந்து எறிபவரான ஹூக்கர், எறியப்போகும் இடத்தையே முறைத்துப் பார்த்திருப்பார். எதிரணி படிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

இதெல்லாம் பயிற்சியில் வர வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள், கடைசி 20 நிமிடம் பயிற்றுநர் ஒரு மூவின் பெயரையும் சொல்லக் கூடாது. நிலைமையை மட்டும் சொல்லுங்கள்: “65ஆவது நிமிடம், மூன்று புள்ளி பின்னால், வலப்பக்க லைன்அவுட், மழை.” எட்டு செக்கனுக்குள் கோல் வர வேண்டும். பிழையான கோல் வந்தாலும் ஆடவிடுங்கள். பிறகு “ஏன் அதைக் கொடுத்தாய்?” என்று கேட்டால் பிள்ளை சாக்குத் தேடும். “தம்பி, எதிரே என்ன கண்டாய்?” என்று கேளுங்கள், கண்டதைச் சொல்லும்.

போட்டி நாளில் துணைப் பயிற்றுநர் ஒருவரைப் பார்வையாளர் அரங்கின் உயரத்தில் இருத்துங்கள். அகலம் அங்கிருந்துதான் தெரியும். தலைமைப் பயிற்றுநர் கீழே நின்று மாற்று வீரரையும் காயத்தையும் பார்க்கட்டும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளை வெளியே வர வேண்டும், அன்று திரும்ப இறங்கக் கூடாது. மூவ் யோசித்துக்கொண்டு நிற்பவர் இதைத் தவறவிட்டால் அதற்குப் பரிகாரம் இல்லை. மத்தியஸ்தர் அனுமதிக்கும் இடைநிறுத்தத்தில் தண்ணீர் கொண்டு போகிறவரிடம் ஒரு செய்தி மட்டும் கொடுங்கள், அதுவும் எதிரணியைப் பற்றியதாக இருக்கட்டும்: “அவங்கட 13 வெள்ளனவே வெளியே போறான்.” மூவைப் பத்தாம் இலக்கம் தேர்ந்துகொள்ளும்.

பயிற்றுநர் கோலைக் கையில் எடுக்க வேண்டிய நிலைமை ஒன்று உண்டு. பத்தாம் இலக்கம் காயப்பட்டு, அனுபவமில்லாத மாற்று வீரர் இறங்கும்போது முழுப் பட்டியலையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். ஸ்க்ரமுக்கு ஒன்று, லைன்அவுட்டுக்கு ஒன்று என இரண்டே மூவ், இறங்கும் முன் டச் லைனில் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். பத்து நிமிடம் போனதும் 12ஆம் இலக்கத்தைக் கேட்டு மூன்றாவது மூவைத் திறந்துவிடலாம்.