வெளிநாட்டுக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்தால் என்ன செய்வது?

சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டிலுள்ள உறவினருக்கோ வாடிக்கையாளருக்கோ அஞ்சலில் அனுப்பிய பார்சல் பட்டுவாடா ஆகாமல் திரும்பிவிட்டால், அதை உடனே மறுபடியும் அனுப்பிவிடாதீர்கள். திரும்பியதன் காரணம் தெரியாதவரை அடுத்த முறையும் அது திரும்பவே வாய்ப்பு அதிகம்.

முதல் படி: பார்சல் இன்னும் உங்கள் கைக்கு வந்து சேரவில்லையென்றால், அது இந்தியாவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இறுதியில் 'எஸ்ஜி' என 13 இடங்கள் கொண்ட கண்காணிப்பு எண்ணை சிங்போஸ்ட் தளத்தில் மட்டுமன்றி இந்திய அஞ்சல் துறையின் தளத்திலும் இட்டுப் பாருங்கள். கதவு பூட்டியிருந்தது, முகவரி போதவில்லை போன்ற விவரங்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பதிவாகும். பார்சல் அங்குள்ள அஞ்சலகத்தில் காத்திருந்தால், பெறுநரை அந்த எண்ணோடும் அடையாள அட்டையோடும் நேரில் போகச் சொல்லுங்கள். இங்கிருந்து எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் அதைவிட விரைவான வழி கிடையாது என்பது என் கருத்து. எந்தத் தகவலும் இல்லையென்றால், அனுப்பிய 6 மாதத்துக்குள் அனுப்புநரான நீங்கள் விசாரணை கோரலாம்.

இரண்டாம் படி: திரும்பிய பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிஎன் 15 சீட்டைப் படியுங்கள். ஆள் தெரியவில்லை, வாங்க மறுத்தார், வந்து பெறவில்லை, வீடு மாறிவிட்டார் என்ற காரணங்கள் சிறு கட்டங்களோடு பிரெஞ்சு மொழியிலும் அச்சாகியிருக்கும்; எதில் குறியிட்டிருக்கிறது என்பதே நீங்கள் தேடும் விடை. சுங்கத் துறை அனுமதிக்காத பொருளென்றால் மறுபடி அனுப்புவது வீண்.

மூன்றாம் படி: முகவரியைச் சரிபாருங்கள். இரு நாட்டு அஞ்சல் குறியீடுகளும் 6 இலக்கம் என்பதால், அனுப்புநர் குறியீடு பெறுநர் பகுதியில் ஏறிவிடக்கூடும். தமிழ்நாட்டுப் பின்கோடு 6 என்ற இலக்கத்தில் தொடங்கும். பெறுநரின் கைப்பேசி எண்ணையும் தவறாமல் எழுதுங்கள்.

நான்காம் படி: திரும்பிய பொருளின் மதிப்பு 400 வெள்ளிக்கு மேலிருந்தால், 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி குறித்துக் கேள்வி எழலாம். நீங்கள் அனுப்பியதே திரும்பியது என்று காட்ட, பழைய ரசீதையும் சுங்கப் படிவ நகலையும் எடுத்து வையுங்கள்.

மறுபடி அனுப்பும்போது பழைய பட்டைக் குறியீடு ஒன்றுகூட பெட்டியில் மிஞ்சக் கூடாது. இயந்திரம் அதைப் படித்துவிட்டால் பார்சல் வழிமாறிப் போகும். பட்டுவாடா ஆகாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்று படிவம் கேட்கும் இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள். திரும்பும் செலவை உங்களிடமே வசூலிக்கக்கூடும் என்பதால், விலை குறைந்த பொருளுக்குக் கைவிடுவதைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம்.