சீசன் முடிந்ததும் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துவது: திருகோணமலை ஹோட்டல்களின் மனிதவள முகாமையாளருக்கு

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டம்பர் வரை. ஐப்பசி மாரி தொடங்கினால் அறைகள் காலி. "பொடியங்கள இப்ப நிப்பாட்டுங்க, ஏப்ரல்ல திரும்ப எடுப்பம்" என்று முதலாளி சொல்லும் வாரம்தான் மனிதவள முகாமையாளருக்குச் சிக்கலான வாரம்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று சேர்ந்தவருக்குச் செப்டம்பர் 27 உடன் 180 நாள் நிரம்பும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 180 நாள் நிரம்பிய ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால், வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இதற்குத் தப்ப இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஒன்று, 170ஆம் நாளில் ஆளை வீட்டுக்கு அனுப்புவது. மற்றது, சேரும்போதே திகதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் ஒப்பம் வாங்கி வைப்பது. இரண்டாவது சுத்த மோசடி. கோப்பில் அப்படிக் கடிதம் கிடந்தால் உரியவரிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள்.

வேலை உண்மையிலேயே பருவகாலத்துக்கு மட்டும் என்றால், தொடங்கும் திகதி, முடியும் திகதி, அடுத்த சீசனில் யாருக்கு முதலில் அழைப்பு என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள், அவர் வாசிக்கும் மொழியில். ஆண்டு முழுக்க வேலை வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கொருமுறை கடிதத்தை மட்டும் புதுப்பித்தால், வழக்கு வரும்போது அந்தக் கடிதம் அதிகம் உதவாது. 5 ஆண்டு நிரம்பியவருக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு; வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

அடுத்த வில்லங்கம் சம்பளச் சீட்டு. 40,000 ரூபாவை 30,000 அடிப்படை, 10,000 படி என்று பிரிக்கச் சொல்வார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். படிக்கு இவற்றைக் கட்டாமல் விட்டால் ஒவ்வொரு ஊழியரிடமும் மாதம் 1,500 ரூபா மிச்சம் என்பது கணக்கு. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படியும் அதையொத்த படிகளும் சேமலாப நிதிக்குரிய சம்பாத்தியம்தான். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. எனவே படிக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆள் எடுக்கும்போது "எங்கட ஊர்ப் பொடியன்" என்ற சிபாரிசு வரும். கிண்ணியா, மூதூர், நகரம், எங்கிருந்தும் வரும். சிபாரிசைத் தடுக்க முடியாது. நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாளே புள்ளித் திட்டத்தை எழுதி ஒப்பமிட்டு வையுங்கள். உங்கள் சொந்தக்காரர் வந்தால் அந்த மேசையிலிருந்து எழும்புங்கள்.

பாலியல் தொல்லை முறைப்பாட்டில் பெரும்பாலும் நடக்கும் தவறு, முறையிட்ட பெண்ணை வேறு பகுதிக்கு மாற்றுவது. சின்ன ஊர், அன்று பின்னேரமே கதை பரவிவிடும். மாற்றுவதானால் குற்றம் சாட்டப்பட்டவரை மாற்றுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. "சமாதானமாய் முடிப்பம்" என்பவரிடம் அதைச் சொல்லுங்கள்.

வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றே ஒரு மின்னஞ்சல்: "இன்று நீங்கள் சொன்னபடி ஏழு பேரை நிறுத்த, ஆணையாளரின் அனுமதி தேவை. விண்ணப்பிக்கட்டுமா?" பெரும்பாலும் பதில் வராது. அனுப்பிய பிரதியைக் கோப்பில் போட்டுவையுங்கள்.